தனுஜா பாடியதை நான் பார்க்கவில்லை

லிந்துலை,
மார்ச் 6

அன்பு ஸாலிஹா,

நலம்தானே? உன் வீட்டுக்காரர் ஹமீத் நானாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? உனக்கு நோன்பு தொடங்கிவிட்டது. எனக்கு நேற்றுத்தான் திருநீற்றுப் புதன். ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற நாம், இந்த வருஷம் பட்டினியும் ஒன்றாகக் கிடக்கிறோம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். சொல்கிறேன், சிரிக்காதே. நேற்றுப் பூசையில் போன வருஷக் குருத்தோலையை எரித்த சாம்பலைப் பூசிவிட்டு, இந்தத் தவக்காலத்தில் எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவராக எழுந்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் ஃபாதர். எல்லாரும் இறைச்சி, இறைச்சி என்றார்கள். மாதத்தில் ஒரு நாள் கோழி வாங்கும் வீடுகள்! எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் முறை வந்ததும், "டிவி, போன், ஸ்கிரீன் உள்ள எதையும் பாக்க மாட்டேன் ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. பாடகர் குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள் நான், சொன்னதை மாற்ற முடியுமா? போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பிரதாப் அதை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டும்போது சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று காலையில்தான் செய்தி வந்தது. என் பாடகர் குழுத் தனுஜா சென்னை டிவியில் பாட்டுப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறாளாம். இந்த ஞாயிறு முதல் வருகிறாளாம். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று பாடப் பழகியவள். சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லிவிட்டு ஜனவரியில் சென்னைக்குப் போனாள், கள்ளி.

நான் எப்படிப் பார்ப்பேன்? அதனால் நீ பார்த்து எழுது. கடிதம் ஸ்கிரீன் இல்லையே. வீட்டிலுள்ள பட்டன் போனில் பேசலாம்தான், ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் மருந்து சொல்வார்கள். சத்தியம் பண்ணிவிட்டு டிவிக் கதை கேட்கிறாள் என்று சிரிப்பார்கள். யாரிடம் பாட்டுப் படித்தாய் என்று அவளிடம் கட்டாயம் கேட்பார்கள், ஸாலிஹா. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு சொல் விடாமல் எழுது. எனக்கு அதுதான் வேண்டும்.

உன்
பிரியந்தி

---

நுவரெலியா,
மார்ச் 10

என் அருமைப் பைத்தியமே,

உன் கடிதத்தைக் கடையில் துணி வெட்டும் மேசையில் வைத்து வாசித்துச் சிரித்ததில், ஹமீத் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். இங்கேயும் நோன்பு மாசம் என்று மாமி டிவிக்கு வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார், அடக்கப்போகிற மையித்து மாதிரி. நான் நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு ஹமீத்தின் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். என் நன்மையில் பாதி உனக்காகப் போய்விட்டது, பெருநாளுக்கு வந்து ஈடு செய்.

பிள்ளை பாடுவதற்கு முன்னால் நம் மலையைக் காட்டினார்கள். பனி, தேயிலைக் கொழுந்து, அட்டை, லயத்துத் தகரம். பின்னால் ஒரு வயலின் அழுதுகொண்டே இருந்தது. அவள் அம்மா வெறுங்காலோடு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மழையில் ஏறுகிறார். பிறகு தனுஜா வந்து நின்றாள். நல்ல நீலத் தாவணி. உனக்குத் துணி பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழில் என்ன ஆவது?

பாடினாள் பார், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாவம், பயம்போல. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மைக் பிடித்த கையில் சுண்டுவிரல் வெடுக்கென்று எழும்பியது. நடுவர் ஒருவர்கூட, "கை நடுங்குதும்மா, பயப்படாதே" என்று சொன்னார். இன்னொரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.

மாமி கூப்பிடுகிறார். இதோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்
ஸாலிஹா

---

லிந்துலை,
மார்ச் 13

ஸாலிஹா,

தாவணியின் நிறத்தை எழுதினாய். நான் கேட்டதை எழுதவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். டிவியை நிறுத்தின பிறகுதான் தெரிந்தது, இந்த லயத்தில் டிவியே தேவையில்லை. சாயங்காலமானால் எல்லா வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரே மாமியார் ஒரே மருமகளைத் திட்டுகிறாள். கண்ணை மூடினால் போதும், நாடகம் காதுவழியாக வந்துவிடுகிறது. கேட்பதும் பாவமா என்று ஃபாதரிடம் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். ஞாயிறும் அப்படித்தான் அடுப்படியில் நின்றுகொண்டு தனுஜாவின் பாட்டை முழுக்கக் கேட்டேன். கைதட்டல் கேட்டது. பிறகு நடுவர் ஏதோ கேட்டார், அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். அப்போது பக்கத்து வீட்டில் டிவிச் சத்தம் குறைந்தது. பிறகு அதற்கடுத்த வீட்டில். ஒவ்வொரு வீடாக. ஏன்?

திங்கட்கிழமை முன்பள்ளிக்குப் பிள்ளைகளை விட வந்த தாய்மார் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கடைக்காரர் என்றும் இல்லாத மாதிரி ரெண்டு டொபி சும்மா தந்தார். சாவு வீட்டுக்காரியைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. தனுஜாவின் அம்மா பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கிறவர். அவர் கொழுந்துக் கூடையைத் தொட்டுப் பல வருஷம். அந்தக் கூடையை யார் கொடுத்தார்கள்? மழைக்குச் செருப்பில்லாமல் வெளியே கால் வைக்காத மனுஷி அவர்.

மறைக்காமல் எழுது.

பிரியந்தி

---

நுவரெலியா,
மார்ச் 17

பிரியந்தி,

என்மேல் கோபப்படு, பரவாயில்லை. எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நடுவர் கேட்டார், "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" என்று. தனுஜா மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தாள். பிறகு, "யாரும் இல்ல சார். எங்க தோட்டத்துல அதுக்கெல்லாம் ஆள் இல்ல. மலையில காத்தடிக்கிற சத்தத்த கேட்டு நானா பாடிப் பழகுனேன்" என்றாள். அதற்குத்தான் அந்த நடுவர் அழுதார். அதற்குத்தான் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாசித்துவிட்டாயா? இப்போது ஒரு கோப்பை தேத்தண்ணீர் குடி. குடித்துவிட்டு மிச்சத்தை வாசி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறியப் பார்த்தேன். ஆனால் பிள்ளையின் முகத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். மனப்பாடம் பண்ணிய பிள்ளையின் முகம் அது. எங்கள் கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு, "இதுதான் இப்ப ஃபேஷன்" என்று சொல்லச் சொல்லிக்கொடுப்போமே, அவர்கள் அதைச் சொல்லும்போது அந்த முகம் வரும். கூடையைக் கொடுத்த டிவிக்காரர்கள்தான் காற்றையும் கொடுத்திருப்பார்கள். இது என் ஊகம். அவளே நினைத்தும் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியாது.

உடனே பதில் போடு.

ஸாலிஹா

---

லிந்துலை,
ஏப்ரல் 8

அன்பு ஸாலிஹா,

நீ அனுப்பிய பெருநாள் வட்டிலாப்பம் வந்தது. தின்றோம். பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகைதான் வந்தது. காற்றுக்குச் சுதி தெரியுமா, ஸாலிஹா? காற்று அவளுக்கு இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்ததா? எனக்கு வலிக்கிறது. ஊருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் உன்னிடம் அழுகிறேன்.

இங்கே ஒரு விஷயம் நடக்கிறது. கோயில் இளைஞர் மன்றத்து லோஜன், தனுஜா பாடகர் குழுவில் பாடிய பழைய படங்களை எல்லாம் சேர்த்து, டிவியில் சொன்னது பொய் என்று பேஸ்புக்கில் போட ஆயத்தமாக வைத்திருக்கிறான். "டீச்சர் ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போட்டுருவோம். ஊரே பாத்துக்கிட்டு சும்மா இருக்கணுமா?" என்று கேட்கிறான். போட்டால் அவளுக்கு விழும் ஓட்டெல்லாம் வசவாக மாறும். அவளை ஒரே நாளில் கீழே இறக்கிவிடலாம். அது என் வாயில் இருக்கிறது. ஆமாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ஆனால் நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லையே. பார்க்காத ஒன்றுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்வது? "உயிர்த்த ஞாயிறு முடியட்டும், பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எரிச்சலில் சொன்ன சத்தியம் இப்படி உதவுகிறது.

டிவி இல்லாத நாட்களில் டிவியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். நானும் எத்தனை பாட்டுப் போட்டி பார்த்து அழுதிருக்கிறேன்! அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு டீச்சர் இருந்திருப்பாள் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? ஒருத்தரும் இல்லாத பிள்ளை என்றால்தான் அழுகை நன்றாக வருகிறது. கீபோர்டும் டீச்சரும் இருந்துவிட்டால் பாதி அழுகை போய்விடும். அவர்கள் அந்தக் கூடையைக் கொடுத்தது எனக்காகத்தான், என்னைப் போலப் பார்க்கிறவர்களுக்காக.

பெரிய வெள்ளிக்குப் பாட்டுப் பழக்கும்போது பேதுருவின் கதை வந்தது. முற்றத்தில் நெருப்பு எரிகிறது, சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், நீ இயேசுவின் சீடன்தானே என்று ஒரு வேலைக்காரி கேட்கிறாள். அவ்வளவு வெளிச்சத்தில் கேட்டதும் அந்தப் பெரிய மனுஷனே அவரைத் தெரியாது என்று சொல்லிவிட்டார். இவளுக்கு எத்தனை லைட் போட்டிருப்பார்கள்! இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுகிறது. அடுத்த நிமிஷம் மறுபடி வலிக்கிறது.

உன்
பிரியந்தி

---

லிந்துலை,
ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

ஸாலிஹா, என் கண்ணே,

பார்த்துவிட்டேன்.

பாஸ்கா பூசை நன்றாக நடந்தது. அந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வழக்கமானபடி வாசலில் பொலிஸ் நின்றது. தனுஜா பாடும் இடத்தில் வேறு பிள்ளை பாடினாள், பரவாயில்லாமல் பாடினாள். இன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் பிரதாப் அலுமாரியைத் திறந்து போனைத் தந்தார். லோஜன் அதற்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான், பதிலுக்காக. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முதல் வாரத்து நிகழ்ச்சியைப் போட்டேன்.

கூடையைப் பார்த்தேன். வயலினைக் கேட்டேன். உன் நீலத் தாவணியையும் பார்த்தேன். பிறகு அவள் பாட நின்றாள். ஸாலிஹா, அது நடுக்கம் இல்லை.

நான் கீபோர்டு வாசிக்கும்போது வலது கை பாட்டில் இருக்கும். இடது கைச் சுண்டுவிரலைத் தூக்கினால் "மூச்சை எடு" என்று அர்த்தம். எங்கள் குழுவுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அதிலும் தனுஜாவுக்காகவே நான் கொண்டுவந்தது. சின்ன வயதில் அவள் மூச்சு வாங்காமல் ஓடுவாள், வரிக் கடைசியில் திணறுவாள். என் விரலைப் பார்த்துத்தான் அவள் மூச்செடுப்பாள். அங்கே மேடையில் நான் இல்லை. அதனால் அவளே தன் சுண்டுவிரலைத் தூக்குகிறாள், மூச்செடுக்கிறாள், பாடுகிறாள். ஒரு வரி விடாமல் தூக்குகிறாள். நடுவர் நடுங்குகிறது என்கிறார், நாடே நம்புகிறது. நான் போனைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன், அழுதுகொண்டே.

அந்தப் பதிலையும் கேட்டேன். காற்று என்று சொன்னாள். வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

லோஜனிடம் அழித்துவிடு என்று சொன்னேன். "அப்ப நீங்க சொல்லிக்கொடுத்ததுக்கு என்னா சாட்சி டீச்சர்?" என்று கேட்டான். "அவ கைய பாரு" என்றேன். அவனும் குழுவில் பாடியவன்தான். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். தன்னையறியாமல் மூச்சை இழுத்தான். பிறகு அழித்துவிட்டுப் போய்விட்டான்.

தனுஜாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். "தனு, மூச்சு சரியாக வருகிறது. விரலை மைக்குக்குப் பக்கத்தில் தூக்காதே, பயம் என்று நினைக்கிறார்கள். மைக்கை வலது கைக்கு மாற்று, இந்தக் கையைக் கீழே விட்டு இடுப்போடு வைத்துக்கொள்." வேறு எதுவும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

உன்
பிரியந்தி

---

நுவரெலியா,
ஏப்ரல் 28

அன்பு பிரியந்தி,

நேற்று மழையில் உங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை என்று லிந்துலையிலிருந்து துணி எடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். உன் போனும் செத்துக் கிடக்கிறது. தவக்காலம் முடிந்தும் உனக்கு டிவி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை பார். அதனால் பழைய வேலையை நானே செய்கிறேன். இந்த முறை எதையும் விடமாட்டேன்.

மாமி டிவிமேல் போர்த்திய துணியை எடுத்துவிட்டதால் குடும்பத்தோடு பெரிய டிவியில் பார்த்தோம். தாவணி மஞ்சள். வயலின் இருந்தது. நம் மலையை மறுபடி காட்டினார்கள், அதே கூடைதான். தனுஜா வலது கையில் மைக்கைப் பிடித்திருந்தாள். இடது கை இடுப்போடு ஒட்டி இருந்தது. நான் பாட்டைக் கேட்கவே இல்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தாவணி மடிப்பில் சுண்டுவிரல் மெல்ல எழும்பியது. நான் "அந்தா, அந்தா!" என்று கத்தியதில் மாமி பயந்து என்ன என்று கேட்டார். சொன்னால் அவருக்குப் புரியவா போகிறது?

பாட்டு முடிந்ததும் அந்த நடுவர், "இன்னைக்கு உன் பயம் போயிடுச்சும்மா, கை நடுங்கவே இல்ல" என்று சொன்னார். தனுஜா சிரித்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பிரியந்தி. யாரும் கேட்கவும் இல்லை. கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கும்வரை அந்தக் கையை மட்டும் இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை.

உன்
ஸாலிஹா