இறுக்கித் திருத்திய தாள்

ஜனவரி 8, திங்கள்

திருப்புதல் தேர்வின் கணக்குத் தாள் முப்பத்தெட்டையும் திருத்திக் கொடுத்துவிட்டேன். வழக்கம்போல இறுக்கித்தான் போட்டேன். ஒரு படி விட்டால் கழிவு, அலகு எழுதாவிட்டால் கழிவு. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைத்தால்தான் இதுகள் புத்தகத்தைத் தொடும். பதினான்கு வருஷமாக இதுதான் என் வைத்தியம்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி, வாலு என்றுதான் கூப்பிடுவேன். நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு நாற்பத்தொன்று. முப்பத்துமூன்று போட்டேன். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். மூளை இருக்கிறது, உட்கார்ந்து படிக்கத்தான் உடம்பு வணங்காது. தாளைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க கை என்ன இரும்பா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

ஜனவரி 19, வெள்ளி

தலைமையாசிரியை கூப்பிட்டாள். எல்லோருக்கும் தலைமையாசிரியை, எனக்கு அக்கா. ஒரே நாளில் இந்தப் பள்ளிக்கு வந்தோம், நான் புதுசாக, அவள் மாற்றலாகி; இன்றுவரை ஒரே டப்பாவில் சாப்பாடு. போன வருஷத் தேர்ச்சி எழுபத்தொரு சதவீதம், மாநகராட்சிப் பள்ளிகளிலேயே நாங்கள்தான் கடைசி. கல்வி அலுவலகக் கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்கவைத்தே கேட்டார்களாம். கண் சிவந்திருந்தது.

"தேறாத பிள்ளைங்க லிஸ்ட் ஒண்ணு எழுதிக் குடுடி. தனியா உக்கார வச்சுத் தேத்திடலாம். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அங்கேயே ஒன்பது பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். வாலுவையும் சேர்த்தேன். தனி வகுப்பில் உட்கார்ந்தால் எண்பது எடுப்பாள் என்று ஒரு பேராசை.

ஜனவரி 31, புதன்

தனி வகுப்பில் ஒன்பது பேரும் ஆஜர். பாதி நேரம் வாலுதான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், என் குரலிலேயே. கழுதை.

பிப்ரவரி 12, திங்கள்

இரண்டே பேர் வந்தார்கள். அவர்களும் தலையைக் குனிந்தபடியே இருந்தார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒருத்தரும் இல்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒன்பது பெயரிலும் கோடு. பக்கத்தில் 'பெற்றோர் வேண்டுகோளின்படி விலகல்.'

எழுத்தரைப் பிடித்து உலுக்கியதும் கக்கிவிட்டார். பெற்றோரை ஒவ்வொருவராக வரவழைத்துக் கடிதம் வாங்கியிருக்கிறார்கள் — பிள்ளை பள்ளி மூலமாக எழுதாது, ஜூனில் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளும் என்று. தனியாக எழுதித் தோற்றால் பள்ளியின் சதவீதத்தில் வராது. அவ்வளவுதான் விஷயம்.

அக்கா அறைக்குப் போனேன். மேஜைமேல் என் லிஸ்ட்.

"இந்த ஒன்பதும் கவுந்தா பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிடுவாங்கடி. மத்த பிள்ளைங்க எங்க போகும்?"

"வாலு பாஸ் பண்றவ, அக்கா! நான் இறுக்கித் திருத்தினது உனக்குத் தெரியாதா?"

"உன் கையெழுத்துதானே? நீ போட்ட மார்க்குதானே? நானா போட்டேன்?"

தெரியும். பாவி, அவளுக்குத் தெரியும்! சேர்ந்த புதுசில் இறுக்கித் திருத்த எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். தேத்தலாம்னு சொல்லி என் கையாலயே எழுதி வாங்கிட்டாளே. எப்படி மனசு வந்தது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம், இவர்கள் கொஞ்சம் பார்த்துப் பழகக்கூடாதா என்று நினைத்திருக்கிறேன். இப்போது எனக்கு யார் சொல்வது?

பிப்ரவரி 14, புதன்

கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். இறுக்கித் திருத்தியதையும் ஒளிக்காமல் எழுதினேன். மதியம் தனியாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

வாலு வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை. கை இரண்டும் வெளுத்து ஊறிப்போயிருந்தது. 'உட்காருங்க' என்றுகூடச் சொல்லவில்லை.

"இது தேறாதுன்னு நீங்க எழுதினதைப் பெரிய டீச்சர் காட்டினாங்க. அவங்க சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். உங்க கையெழுத்தைப் பார்த்துத்தான் போட்டேன்."

திரைக்குப் பின்னால் வாலுவின் கால் தெரிந்தது. கூப்பிட்டேன். கால் உள்ளே போய்விட்டது.

நான் அக்காவைக் கேட்ட அதே கேள்வியைத்தானே அந்தப் பிள்ளை என்னைக் கேட்கும்? எப்படி மனசு வந்தது?

பிப்ரவரி 26, திங்கள்

பதில் வந்தது. பெற்றோர் விரும்பிக் கையெழுத்திட்டிருப்பதால் தலையிட இயலாதாம். நாசமாய்ப் போக.

மே 23, புதன்

இருபத்தொன்பது பேர் எழுதினார்கள், இருபத்தொன்பதும் பாஸ். நூற்றுக்கு நூறு. அக்காவுக்குக் கேடயம், கைதட்டல். மைக்கில் என் பெயரையும் சொன்னாளாம், 'என் வலது கை' என்று. நான் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஜூன் 9, சனி

ஒன்பதில் நான்கு பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று பேர் என்னிடம் படிக்க வருகிறார்கள். ஒரு பையன் குடும்பமே வீடு மாறிவிட்டது. வாலு வீட்டுக் கதவை மட்டும் வாராவாரம் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இன்று திறந்தாள். இளைத்திருக்கிறாள்.

"பாடம் சொல்லிக் குடுங்க, டீச்சர். பேப்பரை மட்டும் நீங்க திருத்த வேணாம்."

சரி என்றேன்.

ஒரு மணி நேரம் நடத்தினேன், ஒரு மணி நேரம் எழுதினாள். பிறகு புத்தகத்தின் பின்பக்க விடைகளைப் பார்த்து அவளே திருத்தினாள். மூன்றாவது கணக்கில் தனக்குத்தானே இரண்டு மார்க் கழித்துக்கொண்டாள். அது கழிக்க வேண்டிய இடமே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.