முற்றத்துக் குழாயில் ஓடும் மின்சாரம் பற்றி

அனுப்புநர்:
கா. சந்திரமௌலி,
கணித உதவிப் பேராசிரியர் (ஓய்வு),
பழைய எண் 14, புதிய எண் 31,
ஹம்சத்வனி அடுக்ககம், முதல் தளம்,
பூந்தோட்டச் சந்து, மயிலாப்பூர்,
சென்னை – 600 004.

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வு அலுவலகம்,
தென்சென்னை.

பொருள்: அடுக்கக முற்றத்துக் குழாயில் மின்கசிவு தொடர்வது – ஆபத்து இல்லை எனத் தரப்பட்ட கணக்கறிக்கை செல்லாது என்பது – பருவமழைக்கு முன் மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியியல் மாணவர்களுக்கு எண்ணியல் முறைகள் கற்பித்தவன். சமன்பாடுகளை நேராகத் தீர்க்க முடியாதபோது எண்களைக் கொண்டு படிப்படியாக விடையை நெருங்கும் வித்தை அது. மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு எப்போதும் எனக்கே ஒதுக்கப்பட்டதால் என் மாணவர்களில் பெரும்பாலோர் உறங்கியே தேர்ச்சி பெற்றார்கள். அவர்களில் ஒருவர் தங்கள் அலுவலகத்தில் இருந்தால் இந்த மனுவின் நான்காம், ஐந்தாம் பத்திகளை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். தாங்களே படிக்க வேண்டும்.

2. கடந்த ஐப்பசி மழையில் என் ஒரே மகள் மதுவந்தி, தி.நகரிலுள்ள தன் அலுவலகத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, மாடிக்கு ஏறும் முன் முற்றத்துக் குழாயடியில் கால் கழுவக் குனிந்தாள். அதற்கு மூன்றடி தள்ளி ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி நீரஜா பால்கனியிலிருந்து, துண்டு எடுத்து வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. இதற்கு மேல் அந்த மாலையைப் பற்றி எழுத என்னால் இயலாது. காவல் துறையினர் பதிவு செய்த விவரங்களில் மற்றவை உள்ளன.

3. இறப்புக்குக் காரணம் மின்சாரம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்த மின்சாரம் என்பதில்தான் வழக்கு. அடுக்ககச் சங்கம் தனியார் நிபுணர் ஒருவரை அமர்த்தியது. அவர் கருவிகளோடு வந்து பல நாள் அளந்து, அழகாக அட்டை போட்ட அறிக்கை ஒன்றைத் தந்தார். முற்றத்துக் குழாய் வழியே பாயும் கசிவு மின்னோட்டம் இரண்டு முதல் ஒன்பது மில்லி ஆம்பியர். அது விரலில் சுருக்கென்று தைக்குமே தவிர உயிரை எடுக்காது. ஆகவே தெருவெள்ளத்தில் எங்கோ அறுந்து கிடந்த கம்பியே காரணமாக இருக்கலாம். இது அறிக்கையின் முடிவு. அந்தக் கம்பியை இதுவரை யாரும் கண்டதில்லை.

4. நிபுணர் கையாண்ட முறை நல்ல முறை. அதில் எனக்குப் பகையில்லை. மோட்டாரிலிருந்து கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் கம்பி, கிணற்றின் இரும்புக் குழாய், முற்றத்துக் குழாய், ஈரச் சுவர் என்று நான்கு வழிகள். ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்க நான்கு நேரியல் சமன்பாடுகள் போதும். நம் வீட்டு மின்சாரம் ஏறி இறங்கும் மின்சாரம் என்பதால் அதன் அளவோடு, எந்தக் கணத்தில் ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அதற்காக ஒவ்வொரு மின்னோட்டத்தையும் மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி கொண்ட கலப்பெண்ணாக எழுதுவார்கள். இத்தோடு மண் ஒரு தொல்லை. அதன் மின்தடை வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று. ‘ஏறத்தாழ இவ்வளவு, இதற்குக் கீழே போகாது, இதற்கு மேலே போகாது’ என்றுதான் சொல்ல முடியும். இப்படிக் கீழ் எல்லை, மேல் எல்லையோடு எழுதப்படுவது தெளிவற்ற எண். இரண்டும் சேர்ந்தால் தெளிவற்ற கலப்பெண். இத்தகைய எண்கள் உள்ள சமன்பாடுகளைத் தீர்க்க மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் பிரித்து, கீழ் எல்லைகளையும் மேல் எல்லைகளையும் பிரித்து, நான்கை நான்கு மடங்காக்கி, கணினியிடம் கொடுப்பார்கள். கணினி சலிக்காமல் விடை தரும்.

5. அறிக்கையின் பின்னிணைப்பிலுள்ள அளவுகளைக் கொண்டு நானும் அதே முறையில் கணக்கைப் போட்டேன். மற்ற மூன்று வழிகளுக்கும் நிபுணரின் விடையே வந்தது. முற்றத்துக் குழாய்க்கு மட்டும், மின்னோட்டத்தின் முக்கியப் பங்கான மெய்ப்பகுதியில், கீழ் எல்லை ஒன்பது என்றும் மேல் எல்லை இரண்டு என்றும் வந்தது. தவறாக அச்சிடவில்லை, ஐயா. கீழ் எல்லை ஒன்பது. மேல் எல்லை இரண்டு. ‘ஒன்பதுக்குக் குறையாது, இரண்டைத் தாண்டாது’ என்று ஓர் எண்ணைப் பற்றிச் சொன்னால் அப்படி ஓர் எண் உலகில் இல்லை. இந்த முறையில் இவ்வாறு நேர்வது உண்டு. அப்போது இரண்டையும் இடம் மாற்றி, சிறியதைக் கீழேயும் பெரியதை மேலேயும் வைத்து, பக்கத்தில் ‘பலவீனத் தீர்வு’ என்று குறிப்பு எழுதுவது இத்துறையினரின் வழக்கம். ஆய்வுக் கட்டுரையில் அது யாருக்கும் கேடு செய்யாது. நிபுணர் இடம் மாற்றினார், குறிப்பை விட்டுவிட்டார். ‘இரண்டு முதல் ஒன்பது’ பிறந்தது இப்படித்தான்.

ஒருவர் பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஆறு மணிக்குப் பிறகு வந்தார், ஐந்து மணிக்கு முன்பே வந்துவிட்டார் என்று ஒரே சாட்சி சொன்னால், ‘சரி, ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் வந்தார்’ என்று எந்த நீதிமன்றமும் எழுதிக்கொள்ளாது. சாட்சியைத்தான் திருப்பி அனுப்பும்.

6. பிழை அளவுகளில் இருக்கிறதா, முறையிலேயே இருக்கிறதா என்பதை நான் சொல்ல முடியாது. சொன்னால் நானும் நிபுணரைப் போலவே ஆவேன். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்தக் கணக்கு அந்தக் குழாய்க்கு விடை தரவில்லை என்பது மட்டுமே. அதே அளவுகளைக் கொண்டு வேறு வழியில், மண் எந்தெந்த நிலையில் இருந்தால் என்னென்ன மின்னோட்டம் பாயலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மண் நன்றாக நனைந்து எர்த் கம்பியும் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தால், அந்தக் குழாயில் ஓர் ஆளைக் கொல்லும் மின்னோட்டம் பாய முடியும். என் பெண் விஷயத்தில் அதுதான் நடந்தது என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று மட்டுமே எழுதியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

7. இதைச் சங்கச் செயலாளர் திரு. கஸ்தூரிரங்கனிடம் எடுத்துச் சென்றேன். அவர் நல்ல மனிதர். மதுவந்தியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். “மௌலி சார், ஒன்பதுக்கு மேல போகாதுன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்காளே, அதுக்கு மேல நாம என்ன பண்றது சொல்லுங்கோ” என்றார். அவர் அனுப்பிய மின்பணியாளர் ஜவஹர் ரப்பர் செருப்போடு நின்று டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “லைட்டே வர்ல சார், ஒண்ணியும் இல்ல. நீங்க இன்னாத்துக்கு சார் டென்ஷன் ஆயிக்கினு கீறீங்க?” என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அது வெயில் நாள். மண் காய்ந்து கிடந்தது. குடியிருப்பவர்கள் இப்போது அந்தக் குழாயைத் தொடுவதில்லை. யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளிடம், அங்கே அந்த அக்கா இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள், ஐயா. ஒரே வீட்டில் அறிக்கையையும் நம்புகிறார்கள், ஆவியையும் நம்புகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

8. இப்போது மனுவின் அவசரத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியது இறந்தவளைப் பற்றி. இனி எழுதுவது உயிரோடு இருப்பவளைப் பற்றி.

நீரஜா அந்தக் குழாயைத் தொடுகிறாள். மோட்டார் ஓடும்போதெல்லாம் கீழே இறங்கிப் போகிறாள். மோட்டார் ஓடும்போது மட்டுமே அந்தத் தைப்பு இருக்கும் என்பதை அவளாகவே கண்டுகொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டால் கூடுதலாகத் தெரியும் என்பதையும், காலடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டால் இன்னும் தெரியும் என்பதையும் கண்டுகொண்டாள். நான் முதல் முறை பார்த்துப் பதறிக் கையைப் பிடித்து இழுத்தபோது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஏன்னா, குழந்தை என் கையைப் பிடிச்சுக்கறா. நீங்க மேல போய்க் கணக்கைப் போடுங்கோ. நான் தொட்டுண்டு வரேன்.”

நான் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டேன். அதை விட்டு இறங்கி நிற்கிறாள். குழாயின் திருகைக் கழற்றினேன். குழாயின் உடம்பைத் தொடுகிறாள். இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போடச் சங்கத்தைக் கேட்டேன். ஆபத்தில்லை என்று அறிக்கை இருப்பதால் அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம் என்றார்கள். கசிவு வந்தால் தானே அறுந்துகொள்ளும் உயிர்காப்புச் சுவிட்சைக் கேட்டேன். அதற்கும் அதே பதில். அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் தூங்க மாத்திரை கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து, புத்துணர்ச்சியோடு கீழே போகிறாள்.

9. என்னை நடுங்க வைப்பது வேறு. ஆவணி மாதத்தில் ஒரு மாலை சட்டென்று மழை கொட்டியது. நீரஜா குழாயடியிலிருந்து மேலே வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. ஓராண்டாக நான் காணாத முகம். “இன்னிக்கு விடவே மாட்டேன்னுட்டா. மழை நன்னா வரட்டும், இன்னும் இறுக்கிப் பிடிச்சுப்பா” என்றாள். ஈர மண்ணில் மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டியதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவளுடைய பேய்க்கதையில் ஒரு வரிகூட என் சமன்பாடுகளோடு மோதவில்லை.

அவள் பருவமழைக்காகக் காத்திருக்கிறாள். தினமும் தொலைக்காட்சியில் வானிலை பார்க்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

10. மோட்டாரின் மெயின் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில், பூட்டில்லாத பெட்டியில் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தவன் அதை இழுத்து நிறுத்தாமல் தங்களுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பது ஏன் என்று தாங்கள் கேட்பது நியாயம். பதினாறு வீட்டுக்குத் தண்ணீர் நின்றால் பத்து நிமிடத்தில் யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள் என்பது ஒரு பதில். அது உண்மையும்கூட. ஆனால் அரசு அலுவலருக்கு எழுதும் மனுவில் முழுப் பதிலும் இருக்க வேண்டும்.

சென்ற வாரம், நீரஜா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிடுவது என்றுதான் கீழே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கசிவு இன்னும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளப் புறங்கையால் குழாயைத் தொட்டேன். உறுதி செய்ய ஒரு கணம் போதும். நான் கையை எடுக்கவில்லை. அது மின்சாரம் என்று எனக்குத் தெரியும். நொடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது என்று தெரியும். அதெல்லாம் தெரிந்தும், சின்ன வயதில் மதுவந்தி லஸ் முனையில் சாலையைக் கடக்கும்போது என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு வருவாளே, அந்த அழுத்தம் அதில் இருந்தது. நீரஜா சொன்னது பொய்யில்லை என்று அப்போது நினைத்தேன். மோட்டார் தானாக நிற்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு சுவிட்சைத் தொடாமலே மேலே வந்துவிட்டேன். நீரஜாவிடம் இதைச் சொல்லவில்லை. மறுநாளும் போனேன்.

11. ஆகவே தங்களிடம் நான் கேட்பது:

அ) மழை தொடங்கும் முன், மண்ணை நனைத்து, தங்கள் அலுவலகக் கருவிகளைக் கொண்டு அந்தக் குழாயை அளக்க வேண்டும்.

ஆ) குழாய்க்குரிய விடை விடையே அல்ல என்பதைப் பதிவு செய்து, அந்த அறிக்கையை வைத்து யாரும் எதையும் மறுக்காதபடி செய்ய வேண்டும். என் மகள் எதனால் இறந்தாள் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினாலும் சரி. இல்லாத எண்ணை எழுத வேண்டாம்.

இ) மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, எர்த் கம்பியையும் இரும்புக் குழாயையும் மாற்றி, உயிர்காப்புச் சுவிட்ச் பொருத்திய பிறகே மீண்டும் இணைப்புத் தர வேண்டும்.

ஈ) தங்கள் ஆட்கள் வரும் நாளை எனக்கும் என் மனைவிக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். அவர்கள் வந்து வேலையைத் தொடங்கும்போது நீரஜா குழாயைக் கட்டிக்கொண்டு அழக்கூடும். நான் ஓடிவந்து, கணக்கில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் பொறுங்கள், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லக்கூடும். நான் படித்தவன் என்பதால் நம்பும்படியாகவே சொல்வேன். தயவுசெய்து அதைக் கேட்க வேண்டாம். தெளிந்த மனத்தோடு நான் இப்போது இடும் கீழ்க்கண்ட கையொப்பத்தையே என் சம்மதமாகக் கொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே அதைத் துண்டித்துவிடவும்.

இப்படிக்கு, தங்கள் வரவை வேண்டி,

கா. சந்திரமௌலி
(கையொப்பம்)

இடம்: மயிலாப்பூர், சென்னை
நாள்: 3 அக்டோபர் 2025