வீடியோ வராத போன்

அன்புள்ள வாலு அப்பாவுக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக ஐந்து மாதமாக நீங்கள் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவு முடிந்து திரும்பும் உங்கள் அறைத்தோழர் நெட்டையரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். கையில் போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதில் நீங்கள் கில்லாடி.

வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள். குளியலறைக் குழாயை நானே வாஷர் மாற்றிச் சரி செய்துவிட்டேன். அப்பா மூஞ்சி எப்பம்மா போன்ல வரும் என்று அவள் தினமும் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

அதற்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். நீங்கள் விட்டுப்போன போன் பழசு, அதில் இனி வீடியோ கால் வராது, பேசினால் போதாதா என்றீர்கள். சிஸ்டம் பழையது என்று போனும் அதையேதான் சொன்னது. அதனால் நம்பினேன். சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

ரிப்பேர் கடைக்காரர், இதத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கம்மா என்றார். எனக்கு வீம்பு வந்துவிட்டது. கம்பெனி கைவிட்ட போன்களுக்கு, வெளியாட்கள் சேர்ந்து எழுதிய புது சிஸ்டம் இருக்கிறதாம். கஸ்டம் ரோம் என்கிறார்கள். புதிதாகச் செய்பவர்களுக்கான குறிப்பு ஒன்றை நான் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையிலேயே பிரிண்ட் எடுத்தேன். பதினாறு பக்கம். ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு, அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் போனை மாட்டி உட்கார்ந்தேன்.

போனின் உள்பூட்டைத் திறந்தால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்து என்று குறிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வாலுவின் படங்கள் போய்விடக் கூடாதே என்று, கடை வைஃபையைப் போட்டு, இத்தனை நாள் அணைத்தே வைத்திருந்த, படங்களை இணையக் கணக்கில் சேர்க்கும் சிங்க்கை ஆன் செய்தேன். எங்கள் படங்கள் மேலே ஏறின. நீங்கள் அங்கே எடுத்த படங்கள் கீழே இறங்கின. வெளிநாடு போகும்போது இந்தப் போனிலிருந்து உங்கள் கணக்கை நீங்கள் எடுக்கவே இல்லை.

எட்டுப் படம். முதல் படத்தில் நீல விரிப்பின் மேல் கட்டுப் போட்ட கை. யாருடையதோ என்று நினைத்தேன். நாலாவது படத்தில் கட்டு இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முழுதாக இருந்தன. மற்ற மூன்றும் பாதியோடு நின்றன. மணிக்கட்டில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைப் பார்த்துத்தான் நீங்கள் என்று தெரிந்துகொண்டேன். கடைசிப் படத்தில் ஆஸ்பத்திரிக் காகிதம். தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வலது கை மாட்டியது என்று எழுதியிருந்தது. அடியில் நீங்கள் இடது கையால் போட்ட கையெழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டது போல.

அடிபட்ட தேதியைப் பார்த்தேன். வாலு பிறந்தநாளுக்கு முந்தின நாள். மறுநாள் காலையில் அவளுக்கு முழுப்பாட்டும் பாடி அனுப்பினீர்களே, பின்னால் யாரோ வரிசையாகப் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டதே. எங்கே இருக்கீங்க என்றதற்குக் கேன்டீன் என்றீர்கள். பக்கம் பக்கமாகத் தட்டி அனுப்புகிறவர், அதற்குப் பிறகு ஒரு வரிகூடத் தட்டவில்லை. எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். சோம்பேறியாகிவிட்டீர்கள் என்று திட்டினேன். அதற்கும் சிரித்தீர்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை.

எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டபோது எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் இப்போதுதான் உங்களைப் பார்த்தே ஆக வேண்டும். சம்மதம் என்று அழுத்தினேன். பழையது போனது, புதியது ஏறவில்லை. இந்த ஃபைல் இந்தப் போனுக்கானது அல்ல என்று நின்றுவிட்டது. நான் போனின் பெட்டியைப் பார்த்து மாடல் நம்பர் எழுதியிருந்தேன். நீங்கள் போனையும் பெட்டியையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் என்று தெரிந்தும் அந்தப் பெட்டியை நம்பியது என் புத்தி. போனைத் திருப்பி, முதுகில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, சரியான ஃபைலை இறக்கினேன். அது ஏறி, வெறும் லோகோ மட்டும் இருபது நிமிடம் நின்றது. இருந்த ஒரே போனையும் கொன்றுவிட்டேன் என்று அப்போதுதான் அழுதேன். பிறகு அதுவாகவே திறந்து, என்ன மொழி வேண்டும் என்று கேட்டது.

வீடியோ இப்போது தெளிவாக வருகிறது. கடைக்கார அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

நெட்டையரை நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று வந்தவர் வாசலிலேயே நின்று, டீ வேண்டாம் என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் ஓடப் பார்த்தார். நீங்கள் சத்தியம் வாங்கியிருப்பீர்கள். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாலுவிடம் சொல்லிவிட்டேன், அப்பாவுக்குக் கையில் பெரிய அடி என்று. வலிக்குதாம்மா என்றாள். எனக்குத் தெரியலடா என்றேன். அதை நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

வருகிற ஞாயிறு, உங்கள் கடிகாரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். கேமரா ரிப்பேர் என்று ஏதாவது ஆரம்பிக்காதீர்கள். முகத்தைக் காட்டுங்கள், பிறகு அந்தக் கையைக் காட்டுங்கள். அங்கே இருப்பதா, கிளம்பி வருவதா என்பதை அதற்கப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்யலாம். தைரியமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. நான் அழுதால், சிக்னல் இல்லை என்று கட் செய்துவிடாதீர்கள். நான் அழுது முடிக்கும்வரை எதிரில் இருங்கள்.

கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்களைப் பார்க்கக் காத்திருக்கும்,
வாலு அம்மா