டெலிவரி இலவசமான பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? ஃபோனில் கேட்டால் "ம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆன்லைனில் வாங்கும்போதெல்லாம் டெலிவரிக்குத் தண்டம் அழ வேண்டாம் என்று ஒரு வருட மெம்பர்ஷிப் கட்டிக் கொடுத்தாய். பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதே.

அதற்கு முன்பு, ஐந்நூறு ரூபாய்க்குக் குறைந்தால் டெலிவரி கட்டணம் உண்டு. அதனால் கீழ்வீட்டுத் தையல்காரம்மா, எதிர்வீட்டு நர்ஸ், மாடியில் இருக்கும் கணக்கு வாத்தியார் மூவரும் சனிக்கிழமை மதியம் சாமான் சீட்டோடு வந்துவிடுவார்கள். நால்வர் சாமானையும் ஒரே ஆர்டராகப் போடுவேன். ஒருமுறை ஐந்நூறுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. வாத்தியார் ஒரு சீப்பைச் சேர்க்கச் சொன்னார். அவர் தலையில் சீப்புக்கு என்ன வேலை என்று தையல்காரம்மா கேட்க, டீ குடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்குப் புரையேறிவிட்டது. பெட்டி வந்ததும் பங்கு பிரிக்க மறுபடி வருவார்கள். வாரத்தில் இரண்டு நாள் வாசல் நிறையச் செருப்பு கிடக்கும்.

கெடுத்தது நான்தான். மெம்பர்ஷிப் வந்த அன்றே, இனி யாரும் அலைய வேண்டாம், வேண்டியதை மெசேஜ் பண்ணுங்கள், உங்கள் வாசலுக்கே வரும் என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லிவிட்டேன். இப்போது நர்ஸ், "அக்கா, ஒரு சோப்பு போட்டுடுங்க" என்று அனுப்புகிறாள். போடுகிறேன். சோப்பு அவள் கதவுக்குப் போகிறது. எனக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது.

அவர்கள் மேல் தப்பே இல்லை. வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுகிறார்கள். சும்மா வந்து உட்காருங்கள் என்று கூப்பிட எனக்குத்தான் வாய் வரவில்லை. போன சனிக்கிழமை பழக்கத்தில் நான்கு டம்ளர் எடுத்துவிட்டு மூன்றை உள்ளே வைத்தேன். அன்று முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொம்பத் தனியாக இருக்கிறேன்டா.

இருபதாம் தேதி மெம்பர்ஷிப் முடிகிறது. உன் கார்டில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளுமாம். நிறுத்திவிடு. ஏன் நின்றது என்று அவர்கள் மூவரும் கேட்டால், என் தம்பி கஞ்சனாகிவிட்டான் என்று சொல்லப்போகிறேன். அந்தப் பழியை மட்டும் எனக்காகச் சுமந்துகொள். என்றைக்காவது நீ இங்கே வந்தால் உன் முகத்துக்கு நேராகவே கேலி செய்வார்கள். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள், என் கண்ணு.

நூறு வயது நன்றாயிரு.

உன் அக்கா