கொஞ்சம் திருப்பு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே வந்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

லோடு ஆட்டோ விஷயம்தான். நாலு தண்ணீர் கேன் ஏற்றினாலே மேட்டில் முக்குகிறது என்றேன். "டைமிங் பின்னாடி போயிருக்கும், பிளக்குல பொறி லேட்டா விழுது. மேக்னெட்டுக்கு உள்ளே இருக்கிற தட்டைக் கொஞ்சம் திருப்பு" என்றீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்னா கொஞ்சம்தான்டி" என்று சிரித்தீர்கள். ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டாலும் இதே அளவுதான் சொல்கிறீர்கள்.

திருப்பினேன். ஸ்டார்ட் செய்யக் கைப்பிடியை இழுத்ததும் அது வெடுக்கென்று திரும்பி அடித்தது. வலியில் உயிர் போனது. ஆனாலும் என்ஜின் ஓடியது. அப்பாடா என்று முதல் கியர் போட்டால், வண்டி பின்னால் போகிறது! தையல்காரர் கடைப் படியில் மோதித்தான் நின்றது. கேன்கள் தெருவெல்லாம் உருண்டன. "முன்னாடி போகத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா வண்டி?" என்று அவர் கத்த, தெருவே சிரித்தது. பொறி ரொம்ப முந்தினால் இந்த என்ஜின் தலைகீழாகவும் சுற்றும் என்று நீங்கள் சொல்லவேயில்லையே.

உங்கள் மெக்கானிக் நண்பரிடம் போனேன். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி? அண்ணன் வரட்டும்" என்றார். அதுவரை வாடிக்கைக்காரர்கள் தாகத்தோடு காத்திருப்பார்களா? சொல்லித் தராமல் நகரமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றேன். தொல்லை தாங்காமல் சொன்னார்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் பின்னல் ஊசியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்தேன். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, பொறியைக் கிளப்பும் பாயின்ட்டின் இடுக்கில் மெல்லிய தாளைச் செருகித் தட்டை நகர்த்தினேன். தாள் நழுவும் இடம்தான் சரியான இடமாம். அங்கேயே வைத்து இடது கையால் இறுக்கினேன். இப்போது வண்டி முனகாமல் மேடு ஏறுகிறது.

சரியாகிவிட்டது என்று சொன்னதும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று பெருமையடித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலது கை வீங்கிக் கிடக்கிறது; இதையும் இடது கையால்தான் எழுதுகிறேன். பாப்பா தானே கோணல்மாணலாகத் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். கைப்பிடி அடித்ததைச் சொன்னபோதுகூட, கைப்பிடி உடைந்ததா என்றுதான் கேட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் அலையாதீர்கள். அடுத்த முறை கூப்பிடும்போது வண்டியைப் பற்றி ஒன்றும் வேண்டாம். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை சும்மா இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி