இரட்டைக் கதவுள்ள வீடு

சிட்லபாக்கம்,
11 மார்ச் 2007, ஞாயிறு.

கர்த்தருக்குள் என் பிரியமான மகள் ஜெரூஷாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை ஜோஸ்வினும் பிள்ளைகளும் சுகத்தோடும் சமாதானத்தோடும் இருக்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போன் கூடத்தில் இருக்கிறது. அதன் பக்கத்து நாற்காலியில் அம்மா இருக்கிறாள். அதனால்தான்.

முதலில் வீட்டு விஷயம். நம் வீட்டுக்காரர் இந்த மனையை அடுக்குமாடி கட்டுகிறவருக்குக் கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். என் பென்ஷனுக்குள் அடங்குகிற வீடாகத் தேடி அலைந்து, கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று சேலையூரில், இன்னொன்று கோவிலம்பாக்கத்தில். இரண்டையும் ஒழுங்காக எழுதி உன் கருத்தைக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒழுங்காக வருமா என்று தெரியவில்லை. இந்த அலைச்சலில் மனிதர்கள் மேலேயே ஒரு குமட்டல் வந்துவிட்டது. என் மேலும்தான்.

புரோக்கர் கிட்டுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் நாளே, "வயசான பார்ட்டின்னாலே ஓனருங்க ஜகா வாங்குறாங்க சார். ஐ.டி. பசங்கன்னா வூட்டைத் தூக்கிக் குடுத்துடுவாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் கூட இருப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடவா?" என்றான். பொய் வேண்டாம் என்றேன். "சரி, அம்மாவையாவது கூட்டினு வராதீங்க. அவங்க மூச்சு வாங்குறதைப் பாத்தா வேலைக்கே ஆவாது" என்றான். அதற்குச் சரி என்று தலையாட்டினேன். ஓட்டைப் பாத்திரத்தை நல்ல பக்கம் காட்டி விற்கப் போகிறவன் மாதிரி, உன் அம்மாவை வீட்டில் ஒளித்து வைத்துவிட்டுத் தெருத்தெருவாகப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ கேட்கும்போதெல்லாம் அம்மா சளி என்கிறாள். சளி இல்லை, மகளே. இதயம் வீங்கித் தளர்ந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது; உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கங்க. நல்ல காத்து வர்ற இடமா இருந்தா கொஞ்சம் சுலபமா இருக்கும். பிள்ளைங்க வெளியூர்ல இருந்தா சொல்லிடுங்க" என்றார். எது சுலபமாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. உனக்குச் சொல்லக் கூடாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்பது அம்மாவின் கட்டளை. அதை மீறித்தான் இதை எழுதுகிறேன்.

சேலையூர் வீடு நம் சபை மூப்பர் ஜெபராஜுடையது. அவர் மாடியில் இருக்கிறார், கீழ்த்தளம் வாடகைக்கு. சர்ச் நடக்கிற தூரம். உப்புத் தண்ணீரா என்று அறிய, கைக்குட்டையில் மடித்து எடுத்துப்போன சோப்புத் துண்டைக் குழாயடியில் தேய்த்துப் பார்த்தேன், நுரை பொங்கி வந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம். தரையில் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். இதை விட்டால் வேறு வீடில்லை என்று அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பணத்தை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ஜெபராஜ் வாயைத் திறந்தார். "அண்ணன் தப்பா நினைக்கக் கூடாது. அக்காவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஆண்டவர் அப்படி வைக்க மாட்டார், சும்மா பேச்சுக்குச் சொல்றேன். அப்படி ஏதாவதுன்னா ஆஸ்பத்திரியிலேருந்து நேரா சர்ச்சுக்குக் கொண்டுபோயிடலாம். வீட்டுக்குள்ள வேண்டாம். எனக்கு இந்தச் சாத்திரமெல்லாம் கிடையாது. ஆனா அடுத்து வர்ற குடித்தனக்காரங்க கேக்கறாங்களே. நாள் சரியில்லாத சாவுன்னா மாசக்கணக்குல வீட்டை அடைச்சு வைக்கணும்கறாங்க. வீடு காலியா நின்னா எனக்குத்தானே நஷ்டம்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இதே மனிதரின் தாயார் இறந்தபோது, அந்த வீட்டு மாடியில் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அடக்கத்துக்கு எடுக்கிற வரை பாடியவள் உன் அம்மா. சபையில் யார் வீட்டில் சாவு என்றாலும் பாமாலைப் புத்தகத்தோடு முதலில் கிளம்புகிறவள் அவள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது, "சரிங்க தம்பி."

அதோடு அவர் விடவில்லை. "ஜெபம் பண்ணுவோமா?" என்று கண்ணை மூடி, ஞானஜோதி அக்காவுக்குப் பூரண சுகமும் நீடித்த ஆயுளும் தரும்படி உருக்கமாக ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அந்தப் பினாயில் வாடை சட்டையிலிருந்து போகவில்லை என்று இரண்டாம் முறை துவைக்கப் போட்டேன்.

கோவிலம்பாக்கம் வீட்டை அதற்கு முன்பே ஒரு காலை வேளையில் பார்த்திருந்தேன். நான்கு குடித்தனம் உள்ள அடுக்கு வீடு. கீழே இரண்டும் முத்தாலம்மாளுடையவை. கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்தவர். கடலோரத்து மனையை விற்று இவற்றை வாங்கியிருக்கிறார். ஒன்றில் அவர் இருக்கிறார், மற்றொன்று பூட்டிக் கிடக்கிறது. வாசலில் கருவாட்டுக் கூடைகள். கேட்டை ஒட்டித் திறந்த சாக்கடை, மேலே பச்சையாக ஏடு கட்டி. பாத்ரூம் சுவரில் வெற்றிலை எச்சில். ஆனாலும் அன்று காற்று சுத்தமாக இருந்ததால், அக்கம்பக்கம் விசாரித்துப் பேருந்து எண்களையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன்.

சேலையூரில் ஆமென் சொல்லிவிட்டு வந்த பிறகு, மனசு கேட்காமல் ஒரு மாலையில் மறுபடி கோவிலம்பாக்கம் போனேன். தெரு முனையிலேயே கர்ச்சீப்பை எடுக்க வேண்டியதாயிற்று. கிழக்கே சதுப்பு நிலத்துக் குப்பைமேடு எரிகிற புகை, அதோடு காலி மனையில் லாரி திறந்துவிட்ட மலக்குழி நாற்றம். மீனம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் காற்றின் திசையைக் குறித்தவன் நான். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், பிற்பகலில் கடலிலிருந்து திரும்பி வரும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பலகையில் படம் போட்டு இதைத்தான் விளக்குவேன். வீடு பார்க்கப் போகிறபோது அது என் புத்திக்கு எட்டவில்லை. காலையில் மூக்கை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, காற்று நல்ல காற்று என்று தாளில் எழுதி வந்திருக்கிறேன்.

முத்தாலம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், மூக்கப் பொத்திகினு நிக்கிற? நாத்தம்தான். அதுக்குத்தான வாடகை கம்மி. இன்னொண்ணும் சொல்லிடுறேன், அப்பால பேஜார் பண்ணக் கூடாது. எங்க வூட்டுக்காரரு இந்த ரூம்லதான் செத்தாரு. வூடு பாக்க வந்தவன்லாம் இதக் கேட்டுட்டு ஓடிட்டான். உனுக்குப் பயமா கீதா?" என்று கேட்டுவிட்டு, என் காலடிக்குப் பக்கத்திலேயே துப்பினார். யோசித்துச் சொல்கிறேன் என்று பின்வாங்கி வந்துவிட்டேன்.

ஆக, மகளே, ஒரு வீட்டில் அம்மா மூச்சு விடலாம், ஆனால் கடைசியில் வீட்டுக்குத் திரும்ப முடியாது. இன்னொன்றில் அவளுடைய மூச்சுக்கே உத்தரவாதம் இல்லை. எதை எடுத்தாலும் தப்பு என்று தோன்றுகிறது. ஜெபராஜின் நிபந்தனையை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உன் யோசனை என்ன? ஆனால் போனில் சொல்லாதே.

வியாழன், 15 மார்ச்.

இதைத் தபாலில் சேர்க்காமலே வைத்திருந்தேன். இனி நீ யோசனை சொல்ல வேண்டியதில்லை.

திங்களன்று நான் மருந்து வாங்கப் போயிருந்தபோது ஜெபராஜ் போன் செய்திருக்கிறார். அம்மா எடுத்திருக்கிறாள். "அண்ணன் சொல்லியிருப்பாங்களே அக்கா, அந்தக் காரியம். அதையும் அக்ரிமென்ட்ல ஒரு வரி எழுதிடலாமான்னு கேக்கத்தான்" என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். இவளும், "சொன்னாங்க தம்பி. அவங்க வந்ததும் பேசச் சொல்றேன்" என்று, ஒன்றும் தெரியாத தன்னை எல்லாம் தெரிந்தவளாகக் காட்டி, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

நான் வந்து செருப்பைக் கழற்றியதும், எந்தக் காரியம் என்று கேட்டாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "ஆஸ்பத்திரியிலேருந்து நேரான்னா, மார்ச்சுவரிலேருந்துங்க. அங்க யாருங்க பாடுவா?" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தக் கோவிலம்பாக்கம் வீட்டை நான் பாக்கணும். நாத்தம் வர்ற நேரத்துக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் மாலை ஆட்டோவில் போனோம். நாற்றம் என்னை ஏமாற்றவில்லை, குறித்த நேரத்தில் வந்திருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். சமையலறையைப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. நான் கொண்டுபோன சோப்புத் துண்டு பையிலேயே இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று வாசலையே பார்த்தாள். அந்த வீட்டுக்கு ஒற்றைக் கதவில்லை. குப்பத்து வீட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய தேக்குக் கதவு, இரண்டு பலகை.

"ரெண்டு பலகையும் முழுசாத் திறக்குமாம்மா?" என்று அம்மா கேட்டாள்.

முத்தாலம்மாள் அம்மாவைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் நீக்கி இரண்டையும் தள்ளினார். "தொறக்கும்மா. எங்க ஆள இப்டிதான் எடுத்தோம். எங்கியும் இடிக்கல" என்றார்.

"எங்க ஆளுங்க வந்தாப் பாட்டுப் பாடுவாங்க. அக்கம்பக்கத்துல ஏதாவது சொல்லுவாங்களா?"

"இன்னா சொல்லுவாங்க? பாடட்டும்மா. எங்க ஆளுக்கு ரெண்டு நாளு மேளம் அடிச்சு போலீசே வந்துச்சு. நீ போடுற சத்தம் யாருக்குக் கேக்கப் போவுது?"

அம்மா சிரித்தாள், ஜெரூஷா. ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி மூச்சுத் திணறியது. முத்தாலம்மாள் கருவாடு அள்ளிய கையோடு அவள் முதுகைத் தேய்த்துவிட்டார். எனக்கு அந்தக் கை தாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பிறகு, திருப்பிய முகம்தான் தாங்கவில்லை.

நேற்று ஜெபராஜிடம் போனேன். முன்பணத்தைக் கேட்க வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும். வழி முழுவதும் வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டே போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் ஓடிவிட்டன. "தண்ணி ரொம்ப நல்லா இருக்கு தம்பி" என்றேன். "அப்புறம் ஏன் அண்ணன் வேண்டாங்கறீங்க?" என்றார். என்னவோ முணுமுணுத்தேன். பிறகு எப்படி வந்ததென்றே தெரியவில்லை, "உங்க அம்மாவுக்கு அவதான பாடினா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து தந்தார். "ஜெபத்துல நினைச்சுக்கிறோம்" என்று சொல்லி, நின்றபடியே கண்ணை மூடி ஆரம்பித்தும்விட்டார். முடித்தார். நான் ஆமென் சொல்லவில்லை. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூச்சு விடக் கஷ்டப்படுகிறவளைப் புகைக்குள் கொண்டுபோய் வைக்கிறேனே, இது சரிதானா என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஜன்னல்களுக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன். பிற்பகலானால் கிழக்குப் பக்கத்தை அடைத்துவிட வேண்டும், அது என் பொறுப்பு. அந்தத் தெரு முனைக்குப் போனாலே இன்னும் கர்ச்சீப்பைத் தேடுகிறேன். அம்மாவோ நேற்றே பாமாலைப் புத்தகத்தை எடுத்து, எந்தெந்தப் பாட்டு என்று பென்சிலால் குறி வைத்துவிட்டாள். அவற்றில் இரண்டு பாட்டுகளில், உச்சத்தில் போகிற மேல் குரலை நீதான் பாட வேண்டுமாம். உன்னிடம் இப்போது சொல்லக் கூடாதாம்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இது வந்து சேர்ந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமை போனில் அழாதே, எதையும் கேட்காதே. டிக்கெட் போட்டாகிவிட்டது என்று மட்டும் சொல். மே மாதம் வந்தால் போதும், பரீட்சை முடியட்டும் என்று அம்மா திட்டுவாள். அவள் பேச்சை இந்த ஒரு தடவை கேட்காதே. அந்தப் பாட்டுகளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் திருத்தித் திருத்தி, நீ ஒருமுறை பாடிக் காட்டிவிட வேண்டும்.

காலையில் வந்து இறங்குகிற விமானமாகப் பார். காலையில் காற்று கடலைப் பார்த்துப் போகும். அப்போது வந்தால் அது நல்ல வீடுதான். கதவு இரண்டையும் திறந்து வைத்திருப்போம்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக என்றுதான் எப்போதும் எழுதுவேன். இந்த முறை, சீக்கிரமாகவும் என்று சேர்த்துக்கொள்கிறேன். இதற்கு ஆமென் சொல்கிறேன்.

உன் பிரியமுள்ள அப்பா,
லாசரஸ்.