நிலத்தில் இறங்கிய விளக்குகள்

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்,
ஆடிச் செவ்வாய்.

என் அன்பு மகள் பிரசாந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். உன் கலியாணத்தில் மணவறைக்கு முன்னால் நிற்கமாட்டேன், புருசன் இல்லாதவள் நிற்கக்கூடாது, மாமாவும் மாமியும் நின்று விளக்கேற்றட்டும் என்று நான் சொன்ன நாள் தொடக்கம் நீ என் போனை வெட்டுகிறாய். அம்மா முன்னுக்கு நிற்காவிட்டால் மணவறையே வேண்டாம், பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று வேறு சொல்லிவிட்டாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா, அதனால்தான் பேனையை எடுத்தேன்.

முதலில் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எங்கள் மணவறை வாடகைக் கடையின் இணையப் பக்கத்தைத் திறந்து பார். பார்த்தாயா? விளக்கெல்லாம் நிலத்தில் நிற்கிறது! நான்தான் செய்தேன். ஆரையும் கேட்கவில்லை.

நீ அந்தப் பக்கத்தைச் செய்து தந்தபோது மணவறைப் படங்கள் மட்டும்தான் இருந்தன. எல்லாம் ஒரே உயரம், பிழை தெரியவில்லை. பிறகு நான் வாடகைக்குக் கொடுக்கும் குத்துவிளக்கு, செம்பு, ஆலத்தித் தட்டு, தொங்கவிடும் மாலை எல்லாவற்றையும் படமெடுத்து ஏற்றினேன். வந்தது வினை. ஒரு வரிசையில் ஆளுயர விளக்கு நின்றால், பக்கத்துச் செம்பும் அந்த உயரத்துக்கு இழுபட்டுவிடும். டென்மார்க்கிலிருந்து ஒரு பிள்ளை, “அன்ரி, உங்கடை செம்பு ஏன் புடலங்காய் மாதிரி இருக்கு?” என்று எழுதிக் கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ கதைப்பதில்லை. வேறு ஒருவனைப் பிடிக்கலாம்தான். ஆனால் என் கடையில் எந்தச் சாமான் எங்கே நிற்கவேண்டும் என்று எவனோ வந்து சொல்வதா?

ஆடி மாதம், கலியாணம் இல்லை, கடையில் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தேன். யூரியூப்பில் தமிழில் ஒரு ஆள் நன்றாக விளங்கப்படுத்துகிறார். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதற்குக் கிறிட் என்று பெயராம். வரிசைக்குள் சாமான் மேலேயா, நடுவிலா, கீழேயா என்று சொல்ல ஒரே ஒரு வரி போதுமாம். தேடிப் பிடித்தேன். அலைன் ஐற்றம்ஸ் என்ற இடத்தில் ஸ்ரெச், அதாவது இழு, என்று நீதான் எழுதி வைத்திருந்தாய். செம்பை இழுத்த கள்ளன் அவன்தான்! அழித்துவிட்டு ஸ்ரார்ட் என்று போட்டேன். செம்பு பழையபடி செம்பானது. ஆனால் எல்லாம் மேலே ஏறி, கொடியில் காயப்போட்ட உடுப்பு மாதிரித் தொங்கின. சென்ரர் என்று போட்டேன், அந்தரத்தில் நின்றன. எண்ட் என்று போட்டேன். பிள்ளை! பெரிய விளக்கு, சின்ன விளக்கு, செம்பு, தட்டு எல்லாம் டக்கென்று இறங்கி ஒரே நிலத்தில் நின்றன. நான் போட்ட சத்தத்தில், லொறி கழுவிக்கொண்டிருந்த எங்கள் சாரதி அருட்செல்வன் ஓடி வந்து, “என்னக்கா, பாம்போ?” என்று கேட்டான்.

பிறகு பார்த்தால் மாலைகளும் தரையில் கிடந்தன. மாலை மேலேயிருந்து தொங்கவேண்டிய சாமான். அதற்கு மட்டும் அலைன் செல்ஃப் என்று தனியாக ஒரு வரி எழுதி ஸ்ரார்ட் போட்டேன். மாலை மட்டும் மேலே போனது. மற்றவற்றில் ஏதாவது சரிந்ததோ என்று ஸ்கிரீனில் மூக்கு முட்டப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. இந்த வயதில் எனக்குத் துள்ள வேண்டும் போல் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரமே டென்மார்க் பிள்ளையின் தாய் போன் எடுத்தா. அந்தப் பிள்ளைக்குத்தான் ஆவணியில் கோண்டாவிலில் கலியாணமாம். பக்கத்தைப் பார்த்துப் பெரிய குத்துவிளக்குச் சோடியைப் பிடித்துவிட்டது. எல்லாம் பேசி முடித்த பிறகு அவ குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, எனக்கு அவர் இல்லை. மகளுக்கு நான்தான் விளக்கேத்தப் போறன். உங்கடை விளக்கு பிறகு மற்றக் கலியாணங்களுக்கும் போறதெல்லோ, உங்களுக்கு ஏதும் மனக்குறையோ?” என்று கேட்டா.

நான் யோசிக்கவேயில்லை. “என்னக்கா கதைக்கிறியள்? பெத்தவள் ஏத்தாமல் வேறை ஆர் ஏத்துறது? வடிவாய் ஏத்துங்கோ” என்றேன். அந்த மனிசி அழுதா. போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

கொம்பியூட்டரைப் பார்த்து மனம் மாறினேன் என்று நினையாதே. நான் வியாபாரி. வந்த ஆளுக்கு ஒரு விலையும் மகளுக்கு இன்னொரு விலையும் சொல்லமுடியாது. அப்பா போன பிறகு ஒரு சோடி விளக்கோடு இந்தக் கடையைத் தொடங்கினேன். நான் துடைத்துத் திரி போட்டுக் கொடுத்த விளக்கை இன்றுவரை ஒருவரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் என் கை பட்டால் ராசி, முகூர்த்தத்தில் நான் நின்றால் தோஷமோ? இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

உன் விளக்கை நானே ஏற்றுவேன் என்று மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். “சனம் என்ன கதைக்கும்?” என்றார். சனத்துக்கு நல்ல சாப்பாடு போட்டால் வாய் நிறைந்திருக்கும், கதைக்காது என்றேன். மாமி சிரித்துவிட்டா, அவருக்குத்தான் முகம் கறுத்தது. மாப்பிள்ளை சிவகரனின் தாயிடமும் நானே கதைப்பேன், நீ வாயைத் திறக்காதே. ஆவணி பிறந்ததும் நாள் வைப்போம். கந்தோர்க் கதையை விட்டுவிட்டு லீவுக்கு எழுதிக் கொடு.

நீ நினைத்தபடி எல்லாம் நடந்து, நீயும் அவனும் நிறைவாக வாழவேண்டும் மகள். எனக்காக ஒன்று மட்டும் செய். அவ்வளவு சனத்துக்கு முன்னால் நின்று விளக்கேற்றி எனக்குப் பழக்கமில்லை. நீ என் பக்கத்தில் ஒட்டி நின்று, நெருப்பு அணையாமல் கையால் மறைத்துப் பிடி.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
மீனாம்பிகை.